கரி தின்ற கப்பல்கள்: முதல் நீராவி இழுவைக் கப்பல்களின் உழைப்பும் முடிவும்

1877ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள நார்த் ஷீல்ட்ஸ் துறையிலிருந்து ‘மெசஞ்சர்’ என்ற பழைய டக் படகு மீன்பிடிக்கப் புறப்பட்டது. டைன் ஆற்றுக்கு வரும் பாய்மரக் கப்பல்களை வடம் கட்டி இழுத்துவந்து துறை சேர்ப்பதுதான், இருபுறமும் துடுப்புச் சக்கரம் சுழலும் அந்தப் படகின் தொழில். அந்த ஆண்டுகளில் கப்பல் போக்குவரத்து மந்தமாகி, டக் படகுகள் பல வேலையின்றிக் கிடந்தன. மெசஞ்சரின் உரிமையாளர் வில்லியம் பர்டி, பாய்மர மீன்பிடிப் படகுகளில் வழங்கிய இழுவை மடியொன்றை (கடலடியில் இழுத்துச் செல்லும் பை வலை) அதில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனபோது துறையில் நின்றவர்கள் கேலி செய்ததாகச் சொல்வார்கள். படகு இலாபத்தோடு திரும்பியதும் கேலி அடங்கியது. ஓராண்டுக்குள் டைன் ஆற்றின் டக் படகுகள் பலவும் மடி இழுக்கத் தொடங்கியிருந்தன.

வேலையிழந்த ஓர் இயந்திரத்துக்கு வேலை தேடப்போய்ப் பிறந்த தொழில் இது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில், இயந்திரத்தைச் சும்மா விட்டுவைக்க இயலாத அந்த நிலைதான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நீராவி இழுவைக் கப்பல்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. பாய்மரப் படகு காற்றில்லாமல் நின்றால் வருமானம் நிற்கும். ஆனால் புதிதாகச் செலவு ஏறாது. நீராவிக் கப்பல் நின்றால், அதைக் கட்டுவதற்கு வாங்கிய முதலுக்கு வட்டி ஏறும். ஓடினால் நாளொன்றுக்குப் பல டன் நிலக்கரி எரியும். ஆகவே அது ஓடியே ஆகவேண்டும், ஓடுகிற ஒவ்வொரு நாளும் மீன் ஏறியே ஆகவேண்டும். கப்பலில் இருந்த மனிதர்களின் கூலிமுறை, அருகிலிருந்த மீன்தளங்களின் வறட்சி, அயல்நாட்டுக் கரைகளில் எழுந்த சச்சரவுகள், பனிமணலில் செருகிய கப்பல்கள் ஆகிய அனைத்துக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

டக் படகுகள் மீன்பிடிப்பதற்கென்று கட்டப்பட்டவை அல்ல என்பதால், அவற்றின் குறைகள் விரைவிலேயே தெரிந்தன. மீனைப் பனிக்கட்டியிட்டு வைக்கும் கிடங்கு அவற்றில் இல்லை. நிலக்கரி வைக்கும் இடமும் குறைவு. துடுப்புச் சக்கரங்கள் பேரலையில் ஒன்று மாற்றி ஒன்று நீரைவிட்டு மேலே எழும்பிவிடும். ஆகவே அவை கரையை ஒட்டியே இழுத்தன. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர வணிகர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து 1882இல் வாங்கிய ‘டாய்லர்’ என்ற டக் படகும் இந்த வகைதான். அதன் முதல் பிடிப்பு மூன்று பெட்டி ஹேடாக் மீன். அத்தனை சிறிய தொடக்கத்திலிருந்து அபர்தீன் சில பத்தாண்டுகளில் பிரிட்டனின் முதன்மையான இழுவைத் துறைகளில் ஒன்றாக வளர்ந்தது.

முழுக்க முழுக்க இழுவைத் தொழிலுக்காகவே திட்டமிடப்பட்ட கப்பல் 1881இல் வந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் நகரின் ஏர்ல்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், அருகிலுள்ள கிரிம்ஸ்பித் துறையின் நிறுவனமொன்றுக்காகக் கட்டப்பட்ட ‘ஸோடியாக்’ இரும்பு உடலும் சுழல்விசிறியும் கொண்டது. அடுத்த ஆண்டு அதன் இணையான ‘ஏரிஸ்’ வந்தது. காற்று விழுந்த நாளிலும் இவை மடி இழுத்தன. எதிர்க்காற்றிலும் குறித்த நாளில் துறைக்குத் திரும்பின. மடியை மேலேற்ற நீராவி வின்ச் (வடம் சுற்றும் உருளைப் பொறி) இருந்ததால், பாய்மரப் படகுகளில் பல கைகள் சேர்ந்து நெடுநேரம் பாடுபட்டுச் செய்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. கிரிம்ஸ்பிக்கு 1848இலேயே ரயில் வந்துவிட்டதால், காலையில் துறையில் ஏலம்போன மீன் உள்நாட்டுத் தொழில் நகரங்களுக்கு விரைவில் போய்ச் சேர்ந்தது. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் ஆங்கிலேயத் தொழிலாளர் குடும்பங்களின் மலிவான உணவாக நிலைபெற்றதற்கு இந்தத் தொடர்பு பெரிதும் காரணம். ஜெர்மனியில் கீஸ்டமுண்டே துறையின் மீன் வணிகர் பிரெடெரிக் புஸ்ஸே 1885இல் ‘சகிட்டா’ என்ற கப்பலைக் கடலுக்கு அனுப்பி, அங்கும் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார்.

பிரிட்டனுக்குக் கிழக்கேயுள்ள வடகடலின் நடுவே மீன் பிடிக்கும் கப்பல் ஒவ்வொன்றும் தன் பிடிப்பைத் தானே துறைக்குக் கொண்டுவந்தால், போகவரவே நிலக்கரியும் நாள்களும் வீணாகும். இதைத் தவிர்க்க, பாய்மரக் காலத்திலேயே இருந்த ஒரு முறையை ஹல் நகர நிறுவனங்கள் நீராவிக்கு ஏற்ப வளர்த்தெடுத்தன. ‘கேம்காக்’, ‘ரெட் கிராஸ்’, ‘கிரேட் நார்தர்ன்’ ஆகியவையும், ஹெல்யர் நிறுவனத்தின் கப்பல்களும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டமாக வாரக்கணக்கில் கடலிலேயே நின்றன. பிடித்த மீனைப் பெட்டிகளில் அடுக்கி, சிறிய துடுப்புப் படகில் ஏற்றி, கூட்டத்தோடு வந்து நிற்கும் விரைவுக் கப்பலில் சேர்த்துவிட்டால், அது நேராக லண்டனின் பில்லிங்ஸ்கேட் சந்தைக்குப் போய்விடும். கணக்குப் பார்த்தால் சிக்கனமான ஏற்பாடு. ஆனால் குளிர்காலக் கடலில், மேலும் கீழும் ஆடும் இரண்டு கப்பல்களுக்கு நடுவே, திறந்த படகில் கனமான பெட்டிகளோடு ஆட்கள் துடுப்புப் போட வேண்டியிருந்தது. படகு கவிழ்ந்தும் கப்பல் பக்கத்தில் மோதியும் பலர் இறந்தார்கள். நீராவிக் காலத்தில் மீனவர் சந்தித்த அபாயங்களுள் மிகக் கொடியது இயந்திரமோ கொதிகலனோ தொடாத, வெறும் துடுப்புப் போட்டுச் செய்த இந்த வேலையில்தான் இருந்தது.

இந்தக் கூட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் மூத்த ஸ்கிப்பர் (மீன்பிடிக் கப்பலின் தலைவர்) ஒருவர் தலைமை தாங்கினார். மீனவர்கள் அவரை ‘அட்மிரல்’ என்றே அழைத்தார்கள். இரவில் எந்தப் பக்கம் மடி இறக்குவது என்பதை வண்ண வாணங்கள் விட்டு அவர் அறிவிப்பார். 1904 அக்டோபர் 21ஆம் தேதி இரவு, வடகடலில் ஆழம் குறைந்த பகுதியான டாகர் திட்டில் கேம்காக் கூட்டம் இவ்வாறு வேலை செய்துகொண்டிருந்தபோது, ஜப்பானோடு போரிடத் தூரக்கிழக்குக்குப் போய்க்கொண்டிருந்த ரஷ்யாவின் பால்டிக் கடற்படை அவ்வழியே வந்தது. வடகடலில் ஜப்பானிய டார்பிடோப் படகுகள் காத்திருக்கின்றன என்ற வதந்தியை நம்பியிருந்த உண்மையான அட்மிரல் ரோஷஸ்த்வென்ஸ்கியின் கப்பல்கள், மீனவர் மீது பீரங்கியால் சுட்டன. ‘கிரேன்’ என்ற கப்பல் மூழ்கியது. அதன் ஸ்கிப்பரும் இன்னொருவரும் அங்கேயே இறந்தார்கள். வேறு பல கப்பல்கள் சேதமடைந்தன. பிரிட்டனும் ரஷ்யாவும் போரின் விளிம்புவரை சென்று, பாரிசில் கூடிய பன்னாட்டு ஆணையத்தின் விசாரணைக்குப்பின், ரஷ்யா 66,000 பவுன் இழப்பீடு தந்தது. ஹல் நகரின் ஹெசில் சாலையில் 1906இல் எழுப்பப்பட்ட மீனவர் சிலை அந்த இரவை இன்றும் நினைவூட்டுகிறது.

கப்பலுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைப் பார்க்கலாம். சுமார் 100 அடி நீளமுள்ள கப்பலில் ஏறக்குறைய ஒன்பது பேர் இருந்தார்கள். ஸ்கிப்பர், அவருக்கு அடுத்த மேட், மூன்றாம் ஆள், தளத்து ஆட்கள், இரண்டு இயந்திரப் பொறுப்பாளர்கள், நிலக்கரி அள்ளிக் கொதிகலனுக்கு ஊட்டும் டிரிம்மர், சமையற்காரர் எனப் பொறுப்புகள் பிரிந்திருந்தன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மடி மேலே வரும். தளத்தில் கொட்டிய மீனைக் குடல் நீக்கி, கழுவி, இனம்பிரித்து, பனிக்கட்டியில் அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த மடி வந்துவிடும். மீன் நிறைந்த இடத்தில் தொடர்ந்து தூக்கமின்றி வேலை செய்வது வழக்கம். முந்தைய பாய்மரக் காலத்தில், அனாதை இல்லங்களிலிருந்து வந்த சிறுவர்களைப் பயிற்சியாளர்களாக ஒப்பந்தத்தில் கட்டிவைத்து வேலை வாங்கியதும், ஓடிப்போனவர்களைச் சிறையில் அடைத்ததும் கிரிம்ஸ்பியின் கறைபடிந்த கதைகள். நீராவி வந்தபின் அந்த முறை தேய்ந்து மறைந்தது. உரிமையாளர்களின் மனம் இளகியதால் அப்படி நடந்ததாக நான் நினைக்கவில்லை. இயந்திரக் கப்பலுக்கு அத்தனை சிறுவர்கள் தேவைப்படவில்லை.

கூலியில்தான் இயந்திரத்தின் கணக்கு மனிதர் மேல் நேராக இறங்கியது. ஸ்கிப்பருக்கும் மேட்டுக்கும் சம்பளம் கிடையாது. மீன் விற்ற தொகையிலிருந்து நிலக்கரி, பனிக்கட்டி, துறைக் கட்டணம் முதலிய செலவுகளைக் கழித்த பிறகு மிஞ்சியதில் பங்கு. விலை வீழ்ந்த நாளில் துறைக்கு வந்தால், பல நாள் உழைத்துவிட்டு நிறுவனத்துக்குக் கடன்பட்டவர்களாகக் கரையிறங்க நேரிடும். மற்றவர்களுக்கு வாரக் கூலி இருந்தது. 1901இல் கிரிம்ஸ்பி உரிமையாளர்கள், இயந்திரப் பொறுப்பாளர்களுக்கும் தளத்து ஆட்களுக்கும் கூலியைக் குறைத்து, பிடிப்பின் மதிப்பில் ஒரு பகுதியைத் தரும் முறைக்கு மாறச் சொன்னார்கள். ஆட்கள் மறுத்தார்கள், கப்பல்கள் மாதக்கணக்கில் துறையில் கட்டப்பட்டுக் கிடந்தன, பட்டினியால் ஆத்திரமுற்ற கூட்டம் உரிமையாளர் சங்க அலுவலகத்தைத் தாக்கித் தீ வைத்தது, இறுதியில் தொழிலாளர்கள்தான் இறங்கிவர வேண்டியிருந்தது. இந்தப் பங்குமுறைக்கு இன்னொரு விளைவும் உண்டு. வேலையில் காயமடைந்தவர்களுக்கு இழப்பீடு வழங்கும் 1906ஆம் ஆண்டுச் சட்டம் கடலோடிகளுக்கும் விரிக்கப்பட்டபோது, பங்கு வாங்கும் மீனவர் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். பங்கு வாங்குகிறவர் தொழிலாளி ஆகமாட்டார், கூட்டாளி என்பது சட்டத்தின் வாதம். கப்பலில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லாத கூட்டாளிகள்!

மடியில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இக்கப்பல்களின் பசியைப் பன்மடங்கு பெருக்கியது. அதுவரை மடியின் வாயை விரித்துப் பிடித்தது ஒரு நீண்ட மரச்சட்டம். அதன் நீளத்தைத் தளத்தில் வைத்துக் கையாளக்கூடிய அளவுக்கு மேல் கூட்ட முடியாது என்பதால், கப்பலுக்கு எவ்வளவு வலு இருந்தாலும் மடி 50 அடி அகலத்துக்கு மேல் பெரிதாக விரியவில்லை. எடின்பரோவை அடுத்த கிரான்டன் துறையில் 1894இல் காப்புரிமை பெற்ற முறை அந்த மரச்சட்டத்தையே தூக்கி எறிந்தது. மடியின் இருபுறமும் இரும்புப் பூண் போட்ட கனமான பலகைகள் கட்டப்பட்டன; கப்பல் இழுக்கும்போது நீரின் அழுத்தம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுவதால் மடியின் வாய் தானாக விரிந்தது. நம் கடற்கரை விசைப்படகுகளின் பின்புறத்தில் இன்றும் தொங்குகிற பலகைகள் இந்த வழியில் வந்தவைதான். சட்ட மடியில் தரையோடு கிடக்கும் தட்டை மீன்களே அதிகம் சிக்கின. பலகை மடியோ, தரைக்குச் சற்று மேலே நீந்தும் காட், ஹேடாக் மீன்களையும் வாரிக்கொண்டது. பாய்மரப் படகுகளால் அதை இழுக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஹல், கிரிம்ஸ்பி நிறுவனங்கள் தங்கள் பாய்மரப் படகுகளைக் கிடைத்த விலைக்கு அயல்நாடுகளுக்கு விற்றுத் தீர்த்தன.

கடல்மீன் வற்றாது என்ற நம்பிக்கை அப்போது அறிஞர்களிடமும் இருந்தது. உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசும்போது, காட், ஹெர்ரிங் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் மனிதனின் மீன்பிடிப்பால் தீர்ந்துவிடக்கூடியவை அல்ல என்றார். அவர் மனத்தில் இருந்தவை பாய்மரமும் தூண்டிலும். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1900இல், வால்டர் கார்ஸ்டாங் என்ற ஆய்வாளர் கணக்கை வேறு விதமாகப் போட்டார். மொத்தப் பிடிப்பைப் பார்த்தால் ஆண்டுக்காண்டு அது குறையவில்லை. ஆனால் ஒரு நீராவிக் கப்பல் எத்தனை பாய்மரப் படகுகளுக்கு ஈடு என்று கணித்து, ஒரு படகு அளவிலான உழைப்புக்கு எவ்வளவு மீன் என்று பிரித்துப் பார்த்தபோது, 1889க்கும் 1898க்கும் இடையில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்திருந்தது. மேலும் மேலும் கப்பல்கள் இறங்கியதால் மொத்தத் தொகை மட்டும் நிமிர்ந்து நின்றிருக்கிறது. மீன்வள அறிவியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று இந்தக் கணக்கில் எழுந்தது. கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றம் 1902இல் கோபன்ஹேகனில் அமைந்ததற்கும் இத்தகைய கவலைகள் பின்னணி.

கரையோரத் தூண்டில் மீனவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. தங்கள் தூண்டில் கயிறுகளை மடிகள் அறுத்துச் செல்வதையும், குஞ்சு மீன்கள் அழிவதையும் அவர்கள் 1880களின் தொடக்கத்திலிருந்தே முறையிட்டு வந்தார்கள். டல்ஹவுசி பிரபு தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1885இல் அறிக்கை தந்தது. ஸ்காட்லாந்தின் மீன்வள வாரியம் கரையோரப் பகுதிகளில் இழுவைக்குத் தடை விதிக்கும் அதிகாரம் பெற்று, 1892இல் மோரே வளைகுடா முழுவதையும் மூடியது. கரையிலிருந்து நாட்டின் அதிகாரம் செல்லும் மூன்று மைல் எல்லைக்கு வெகுதூரம் அப்பாலும் நீண்ட தடை அது. பிரிட்டிஷ் கப்பல்கள் உள்ளே நுழைந்தால் தண்டனை. வெளிநாட்டுக் கப்பல்களைத் தண்டிக்க முடியுமா என்பது ஐயம். கிரிம்ஸ்பிக்காரர்கள் சிலருக்கு இந்த ஐயமே வழியாகிவிட்டது. கப்பலை நார்வேயில் பதிவு செய்து, நார்வே கொடியேற்றி, அதே மோரே வளைகுடாவில் மீன் பிடித்து, அதே கிரிம்ஸ்பியில் விற்றார்கள். கிரிம்ஸ்பியில் குடியிருந்த டேனிஷ் ஸ்கிப்பர் மோர்ட்டென்சன் பிடிபட்ட வழக்கில், ஸ்காட்லாந்து உயர் நீதிமன்றம் 1906இல், பன்னாட்டு வழக்கம் எதுவாயினும் நாடாளுமன்றச் சட்டம்தான் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று கூறித் தண்டனையை உறுதிசெய்தது. பன்னாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. நார்வேயின் எதிர்ப்பால் அரசு பின்வாங்கி, 1909இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது: மூடிய பகுதியில் பிடித்த மீனைப் பிரிட்டிஷ் துறைகளில் இறக்கக் கூடாது. கொடியைப் பற்றிய சண்டையைச் சந்தையின் வாயிலில் தீர்த்த இந்த உத்தி, அந்தக் காலத்து அரசு நடவடிக்கைகளில் எனக்கு மிகக் கூர்மையானதாகப் படுகிறது.

வடகடல் இளைத்தபோது கப்பல்கள் வடமேற்கே திரும்பின. 1891இல் கிரிம்ஸ்பியின் ‘அக்வேரியஸ்’ ஐஸ்லாந்தின் தென்கிழக்குக் கரையில் மடி இறக்கி நிறைந்த கிடங்கோடு திரும்பியதிலிருந்து, ஆண்டுதோறும் அங்கே போகும் கப்பல்களின் எண்ணிக்கை பெருகியது. அக்காலத்தில் ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. திறந்த துடுப்புப் படகில் தூண்டில் போட்டு வாழ்ந்த அந்நாட்டுக் குடிகள், தங்கள் விரிகுடாக்களுக்குள் இரும்புக் கப்பல்கள் நுழைந்து மடி இழுப்பதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் சில, தமக்கு வேண்டாத காட் மீனை அவர்களுக்கே இலவசமாகக் கொடுத்ததும் உண்டு. தொடக்கத்தில் பிளேஸ் போன்ற தட்டை மீனுக்கு மட்டுமே நல்ல விலை கிடைத்ததால், கிடங்கில் காட் மீனுக்கு இடமில்லை.

1899 அக்டோபரில், மேற்கு ஐஸ்லாந்தின் தீராஃப்யோர்துர் விரிகுடாவுக்குள் சட்டத்தை மீறி மீன்பிடித்துக்கொண்டிருந்த ஹல் நகரின் ‘ராயலிஸ்ட்’ கப்பலைப் பிடிக்க, அந்த மாவட்ட அதிகாரி ஹான்னஸ் ஹாஃப்ஸ்டெய்ன் சில ஆட்களோடு சிறு படகில் போனார். கப்பலோரம் படகு கவிழ்ந்து மூவர் மூழ்கினார்கள். ஹாஃப்ஸ்டெய்ன் உயிர் தப்பினார். கவிஞராகவும் அறியப்பட்ட அவர், 1904இல் ஐஸ்லாந்துக்குத் தன்னாட்சி கிடைத்தபோது அதன் முதல் அமைச்சரானார். ராயலிஸ்டின் ஸ்கிப்பர் 1902இல் ‘ஆன்லபி’ என்ற வேறொரு கப்பலில் மீண்டும் ஐஸ்லாந்துக் கரைக்கு வந்து, கிரிண்டவிக் அருகே பாறையில் மோதிக் கப்பலோடும் ஆட்களோடும் அழிந்தார். அதற்கிடையே 1901இல் பிரிட்டனும் டென்மார்க்கும் செய்துகொண்ட உடன்படிக்கை கரையிலிருந்து மூன்று மைல் என்ற குறுகிய எல்லையை உறுதிசெய்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன்பிடி எல்லையை முன்வைத்து ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட ‘காட் போர்’களின் வேர் அந்த எல்லைக்கோட்டில் இருக்கிறது.

ஐஸ்லாந்தின் தென்கரை இக்கப்பல்களுக்குக் கல்லறையாயிற்று. பனியாற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய கரிய மணல் அங்கே மைல்கணக்கில் தட்டையாகப் பரந்திருக்கிறது. இருளிலும் பனிமூட்டத்திலும் கடல் எங்கே முடிகிறது என்று தெரியாது. 1903 ஜனவரியில் ஜெர்மானியக் கப்பலான ‘பிரெடெரிக் ஆல்பர்ட்’ ஸ்கெய்தாரார் மணற்பரப்பில் தரைதட்டியது. பன்னிரண்டு பேரும் உயிரோடு கரையேறினார்கள். ஆனால் அந்த வெளியில் மனித வாசனையே கிடையாது. பல நாள் குறுக்கும் நெடுக்கும் ஆறுகளால் வெட்டுண்ட மணலில் அலைந்து, மூவர் இறந்தபின், மற்றவர்கள் ஒரு பண்ணை வீட்டை அடைந்தார்கள். பனியில் அழுகிய கைகால்களை ஐஸ்லாந்து மருத்துவர்கள் அந்த இடத்திலேயே வெட்டியெடுத்து அவர்களைப் பிழைக்க வைத்தார்கள். ரெய்க்யவிக்கில் ஜெர்மன் தூதராக இருந்த வணிகர் டித்லெவ் தாம்சன், அடுத்த ஆண்டு அந்த மணல்வெளியில் ஒரு புகலிடக் குடிசையை அமைத்தார். கப்பல் உடைந்து வருபவர்கள் தங்கி உயிர்பிழைப்பதற்கென்றே கட்டப்பட்டது அது. குளிர்காலத்திலும் அந்தக் கரைக்குப் போகவேண்டிய கட்டாயம் ஏன் என்றால், மீன் விலை குளிர்காலத்தில்தான் உயரும், இயந்திரக் கடன் கோடையில் மட்டும் கட்டும் கடனாக இல்லை.

ஐஸ்லாந்தியர் இதே கருவியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதும் விரைவில் நடந்தது. 1905இல் பிரிட்டனிலிருந்து பழைய கப்பலாக வாங்கிய ‘கூட்’ அவர்களுடைய முதல் நீராவி இழுவைக் கப்பல். மூன்று ஆண்டுகளில் அது கரையில் மோதி முடிந்தது, அதன் கொதிகலன் மட்டும் ஹாஃப்னார்ஃப்யோர்துர் நகரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அவர்களுக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டு 1907இல் வந்த ‘யோன் ஃபோர்செட்டி’ இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1928 பிப்ரவரியில் ஸ்டாஃப்னெஸ் பாறைகளில் சிக்கியது. இருபத்தைந்து பேரில் பத்துப் பேரே மீண்டார்கள்.

பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கப்பல்களில் கண்டது வேறொரு பயன். மீன் மடியை இழுக்கும் வின்ச்சும் கம்பி வடமும், கடலடியில் நங்கூரமிட்ட கண்ணிவெடிகளை அறுத்தெடுக்கவும் பொருந்தும் என்பதை அட்மிரல் சார்லஸ் பெரஸ்போர்டு 1907இல் எடுத்துச் சொன்னார். கிரிம்ஸ்பியின் இரண்டு கப்பல்களை வைத்து 1908இல் சோதனையும் நடந்தது. போர் மூண்ட 1914 ஆகஸ்டில் ஏற்பாடுகள் ஆயத்தமாக இருந்தன. போர் முடிவதற்குள் 1,400க்கும் அதிகமான இழுவைக் கப்பல்கள் கடற்படைப் பணிக்கு எடுக்கப்பட்டன. பீரங்கி பூட்டி, சாம்பல் நிறம் பூசி, அதே மீனவர்களையே சேமப்படை வீரர்களாக ஏற்றிக்கொண்டு அவை கண்ணிவெடி அகற்றின, நீர்மூழ்கிகளைத் தேடின. வெடியைத் தேடிப் போவதே வேலை என்பதால் இழப்பும் மிகுதி. மீன்பிடிப்பைத் தொடர்ந்த மிச்சக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மேலே வந்து நிறுத்தி, ஆட்களைச் சிறு படகில் இறங்கச் சொல்லி, குண்டு வைத்து மூழ்கடித்தன. இழப்பை ஈடுசெய்ய, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையான அட்மிரால்டி மூன்று அளவுகளில் நூற்றுக்கணக்கான இழுவைக் கப்பல்களைக் கட்ட ஆணையிட்டு, டிரஃபால்கர் போரில் நெல்சனின் கப்பல்களில் பணியாற்றிய சாதாரண வீரர்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சூட்டியது. நூறாண்டுக்கு முன் வாழ்ந்த யாரோ ஒரு மாலுமியின் பெயர் தாங்கிய கப்பல்கள் பிறகு மீன்பிடித் துறைகளில் பல்லாண்டு திரிந்தன.

போர் இன்னொன்றையும் தற்செயலாக நிறுவிக் காட்டியது. நான்காண்டுகள் வடகடலில் மடி இழுப்பது பெரிதும் ஓய்ந்திருந்ததால், 1919இல் திரும்பிப் போன கப்பல்கள் போருக்கு முந்தைய அளவைவிடக் கூடுதலாகவும் பெரிய மீன்களாகவும் பிடித்தன. கார்ஸ்டாங்கின் கணக்கை ஏற்காதவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடற்படை விடுவித்த கப்பல்களும் புதிதாகக் கட்டியவையும் ஒருசேர மீன்பிடிக்கு இறங்கியதால் அந்த நிறைவு சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. தேவைக்கு மிஞ்சிய கப்பல்கள் மலிவு விலைக்கு உலகெங்கும் சிதறின.

அவற்றுள் சில நம் கடலுக்கும் வந்தன என்பது தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டலாம். போருக்கு முன்பே, 1908-09இல் வங்காள அரசு ‘கோல்டன் கிரவுன்’ என்ற நீராவி இழுவைக் கப்பலை வரவழைத்து வங்கக் கடலை ஆராய்ந்தது. இலங்கை அரசின் ‘லில்லா’ 1920களின் தொடக்கத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டில் மடி இழுத்துப் பார்த்து, அங்கே வளம் இருப்பதைக் காட்டியது. சென்னை மாகாண மீன்வளத் துறை 1927இலிருந்து ‘லேடி கோஷன்’ என்ற கப்பலைக் கொண்டு கரையோரக் கடல்களை ஆராய்ந்தது. ஆயினும் நீராவி இழுவை இங்கே தொழிலாக வேரூன்றவில்லை. வெப்பத்தில் மீன் விரைவில் கெடும், பனிக்கட்டி போதாது, நிலக்கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும், கருவாட்டுக்கும் கரையோரச் சந்தைக்கும் வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவந்த மீனே போதுமாயிருந்தது. 1950களில் சிறிய டீசல் படகுகள் வந்த பிறகுதான் இழுவை மடி நம் கரையில் பெருகியது. 1976ஆம் ஆண்டு இந்திய - இலங்கை உடன்படிக்கையில் வாட்ஜ் திட்டு இந்தியாவின் உரிமைப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. அதன் மதிப்பை முதலில் அளந்தவை அந்தக் கரிக் கப்பல்கள்தாம்.

பெரும்பாலான கப்பல்களின் முடிவு சுவையற்றது: இரண்டாம் போரில் மீண்டும் கண்ணிவெடி வேலை, பிறகு எண்ணெய்க்கு மாற்றிய கொதிகலன், 1950களில் டீசல் கப்பல்களின் போட்டி, கடைசியில் பழைய இரும்புக் கடை. இந்தப் பாதையிலிருந்து முற்றிலும் விலகிப்போன ஒரு கப்பலின் வரலாறு நன்கு பதிவாகியிருக்கிறது. ஹல் அருகே பெவர்லியில் குக், வெல்டன், ஜெம்மெல் தளத்தில் 1906இல் கட்டப்பட்ட ‘வயோலா’, ஹெல்யர் நிறுவனத்தின் கூட்டத்தில் சேர்ந்து வடகடலில் எட்டு ஆண்டுகள் பெட்டி மீன் அனுப்பியது. 1914 செப்டம்பரில் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. ஷெட்லாந்திலும் பின்னர் டைன் கரையிலும் ரோந்து சுற்றி, 1918இல் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கப்பட்ட நடவடிக்கைகளில் பங்கேற்றது. போருக்குப்பின் நார்வேக்கு விற்கப்பட்டுப் பெயர் மாறி, திமிங்கில வேட்டைக் கப்பலாகி, ‘தியாஸ்’ என்ற மூன்றாம் பெயரோடு ஆப்பிரிக்கக் கரையில் வேலை செய்தது. 1927இல் அர்ஜென்டினாவின் மீன்பிடி நிறுவனமொன்று அதை வாங்கி, தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவிலுள்ள கிரிட்விகென் திமிங்கில நிலையத்துக்குக் கொண்டுபோனது. எண்ணெய்க்காக யானைச் சீல்களை வேட்டையாடியவர்களை ஏற்றிச் செல்வதும், ஆய்வுக் குழுக்களுக்கும் தொலைதூர வானிலை நிலையத்துக்கும் பொருள் கொண்டுசேர்ப்பதும் அங்கே அதன் பணி. 1960களின் நடுவில் நிலையம் மூடப்பட்டபோது கப்பல் கட்டிய இடத்திலேயே விடப்பட்டு, 1974இல் மூழ்கியது. 2004இல் தீவின் நிர்வாகம் துப்புரவுப் பணியின்போது அதை மிதக்கவிட்டுக் கரையில் ஏற்றி வைத்தது.

ஹல் நகரின் அமோஸ் அண்டு ஸ்மித் பட்டறை 1906இல் பொருத்திய அதே நீராவி இயந்திரம் இன்றும் அதன் உள்ளே இருக்கிறது. இயந்திரத்தோடு எஞ்சியிருக்கும் நீராவி இழுவைக் கப்பல்களில் மிகப் பழையது இது என்று கருதப்படுகிறது. அதன் மணி நார்வேயில் ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்டு ஹல் நகருக்கு வந்துவிட்டது. கப்பலையும் தாயகம் கொண்டுவர வேண்டுமென்று அங்கே ஓர் அறக்கட்டளை பல ஆண்டுகளாக முயல்கிறது. செலவும் பயணத் தொலைவும் தவிர, வரலாற்றாளர்களுக்கு வேறொரு சிக்கலும் இதில் உண்டு. வயோலா மீன் பிடித்தது எட்டு ஆண்டுகள். போர் செய்தது நான்கு. தெற்கு ஜார்ஜியாவில் தியாஸாக உழைத்தது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். மடியும் சட்டமும் பலகையும் போய் நூறாண்டு ஆகிறது, சீல் வேட்டைக்காகச் செய்த மாற்றங்களோ உடலெங்கும் இருக்கின்றன. செப்பனிடுபவர்கள் 1906ஆம் ஆண்டு வயோலாவை மீட்பதாக இருந்தால், அந்த நீண்ட பிற்காலத்தைப் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.